தாதி ஸா

2009-ல் எனக்கு ராஜஸ்தானுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. ஜோத்பூரிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் போக வேண்டிய ஒரு சின்ன ஊர். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்த ஹிந்தி, ஊரில் டியூஷன் போய்ப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய ஹிந்தி. அதைப் பேசினால் பிராஞ்சில் எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவிக்கு அதுவும் கிடையாது.

மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்கார அம்மாள். இரவு எட்டு மணியானால் கீழேயிருந்து "பேட்டி, ஆ ஜா" என்று குரல் வரும். கலர்ஸ் சேனலில் 'பாலிகா வதூ' ஆரம்பிக்கும் நேரம். என் மனைவி ஹிந்தி கற்றுக்கொண்டது அந்தக் கூடத்தில்தான். அவளுக்கு வாத்தியார் அந்த சீரியலில் வந்த பாட்டி, தாதி ஸா. தாதி என்றால் அப்பாவைப் பெற்றவள். 'ஸா' என்பது அந்தப் பக்கம் மரியாதைக்குச் சேர்ப்பது, நாம் 'ங்க' போடுவதைப் போல.

சில வருடம் கழித்து அதே சீரியல் 'மண் வாசனை' என்ற பெயரில் தமிழில் டப் ஆகி ராஜ் டிவியில் வந்தது. ஊரில் அம்மா அதைப் பார்க்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் மாமியாரும் மருமகளும் பேசுவதில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும். இவளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். "சொல்லிராத தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்பாள் அம்மா. ஒரு பொல்லாத கிழவியின் கதை எங்கள் வீட்டில் மாமியார் மருமகளைச் சேர்த்து வைத்தது!

அந்தக் கிழவியாக நடித்தவர் சுரேகா சிக்ரி. 2021 ஜூலை 16 அன்று மும்பையில் காலமானார். வயது 76. மறுநாள் பேப்பரில் 'மூன்று முறை தேசிய விருது பெற்றவர்' என்று ஒரு வரி இருந்தது. மூன்றும் துணை நடிகைக்கான விருது. எங்களுக்குத் தாதி ஸாவை மட்டும்தான் தெரியும். அந்த மூன்று விருதில் தாதி ஸா இல்லை. அப்படியானால் அவை எவை? ஒவ்வொரு படமாகத் தேடிப் பார்த்தேன். பார்த்ததையும் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுரேகா சிக்ரி பிறந்தது 1945 ஏப்ரல் 19. சிறு வயதில் வளர்ந்தது அல்மோரா, நைனிடால் மலைப்பக்கம். படித்தது அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில். எழுத்தாளராக வேண்டும் என்பதுதான் முதலில் ஆசையாம். டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கான விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்தது அவருடைய சகோதரி. அவர் பூர்த்தி செய்யாமல் விட்டதை இவர் பூர்த்தி செய்து அனுப்பினார். நம் வீடுகளில் அண்ணனுக்கு வாங்கிய பேங்க் பரீட்சை ஃபாரத்தைத் தம்பி எழுதி வேலைக்குப் போன கதைகள் எத்தனை!

அப்போது நாடகப் பள்ளியின் இயக்குநர் இப்ராஹிம் அல்காஸி. 1962 முதல் 1977 வரை அந்தப் பள்ளியை நடத்தியவர். உச்சரிப்பு, ஒழுங்கு, நேரம் எல்லாவற்றிலும் கண்டிப்பானவர் என்று அவரிடம் படித்த எல்லோருமே சொல்வார்கள். படித்து முடித்த சுரேகா அங்கேயே இருந்த ரெபர்ட்டரி கம்பெனியில் சேர்ந்தார். பள்ளியில் படித்தவர்களை வைத்து நாடகம் போடும் குழு அது. பத்து வருடத்துக்கும் மேல் அங்கே நடித்தார். அந்த மேடை உழைப்புக்காக 1989-ல் சங்கீத நாடக அகாதமி விருதும் கிடைத்தது.

சினிமாவில் முதல் படம் 'கிஸ்ஸா குர்ஸி கா', 1978. அம்ரித் நஹாதா எடுத்த அரசியல் கிண்டல் படம். முதலில் எடுத்த பிரதிகள் எமர்ஜென்சி காலத்தில் அழிக்கப்பட்டு, ஆட்சி மாறிய பிறகு மறுபடி எடுத்து வெளியிட்டார்கள். படத்தைவிட அந்த வழக்குதான் பிரபலம்.

அதற்குப் பத்து வருடம் கழித்து வந்தது 'தமஸ்'. முதல் தேசிய விருது இதற்குத்தான். தமஸ் என்றால் இருட்டு. பீஷ்ம சாஹ்னி எழுதி 1975-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கிய நாவல். பிரிவினைக்கு முந்தைய மாதங்களில் பஞ்சாபில் நடந்த கலவரத்தைச் சொல்வது. சாஹ்னி பிறந்த ஊரே ராவல்பிண்டி. கோவிந்த் நிஹலானி அதைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்க, 1988-ல் தூர்தர்ஷனில் வந்தது. ஒளிபரப்பைத் தடுக்க வேண்டும் என்று போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடியானது.

அதில் சுரேகாவுக்கு வருவது கொஞ்ச நேரம்தான். பாத்திரத்தின் பெயர் ராஜோ. ஒரு முஸ்லிம் கிராமத்து வீட்டுக்காரி. கலவரத்தில் ஊரை விட்டு ஓடி வரும் ஒரு வயதான சீக்கியத் தம்பதி அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அவள் புருஷனும் மகனும் வெளியே போயிருக்கிறார்கள். எதற்கு? கொள்ளையடிக்க. அது தெரிந்தும் கதவைத் திறந்து உள்ளே விடுகிறாள். மருமகளுக்குப் பிடிக்கவில்லை. ஆண்கள் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வருகிறார்கள். அது உள்ளே ஒளிந்திருக்கும் அந்தக் கிழவருடைய சொந்தப் பெட்டி! பூட்டை உடைக்கும் சத்தம் கேட்டு அவர் வெளியே வந்து சாவியை நீட்டுகிறார். அந்தக் காட்சியைப் பார்த்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. கடைசியில் விடிவதற்கு முன்பே அவர்களைப் பத்திரமாக வெளியே கொண்டுபோய் விடுவதும் ராஜோதான். வசனம் குறைவு. தன் வீட்டு ஆண்களை நினைத்துப் பயம், வெட்கம், வந்தவர்கள் மேல் இரக்கம் எல்லாம் முகத்தில்தான் இருக்கும். வளர்ந்த மகனும் மருமகளும் உள்ள மாமியாராக நடித்தபோது அவருக்கு வயது 42. இன்றைக்கு என் வயதை விடக் குறைவு.

அடைக்கலம் கேட்டு வந்த அந்தக் கிழவராக நடித்தவர் வேறு யாருமல்ல, நாவலை எழுதிய பீஷ்ம சாஹ்னியேதான். மனைவியாக வந்தவர் தீனா பாடக். சாஹ்னி பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

இரண்டாவது விருது 'மம்மோ'. 1994-ம் ஆண்டு படம். ஷ்யாம் பெனகல் இயக்கம், எழுதியவர் காலித் முகமது. பிரிவினையில் பாகிஸ்தான் போன மம்மோ என்ற பெண், புருஷன் இறந்த பிறகு பம்பாயில் இருக்கும் தங்கள் ஆட்களைத் தேடி வருகிறாள். மம்மோவாக ஃபரீதா ஜலால். அவளைச் சேர்த்துக்கொள்ளும் சகோதரி ஃபயாஸியாக சுரேகா. ஃபயாஸி ஏற்கனவே பேரனை வளர்த்துக்கொண்டு கஷ்ட ஜீவனம் நடத்துகிறவள். வாயாடி மம்மோ வந்து சேர்ந்ததும் எரிச்சல்படுவாள், சிடுசிடுப்பாள். ஆனாலும் போ என்று சொல்ல மாட்டாள். விசா முடிந்து போலீஸ் வந்து மம்மோவை ரயிலேற்றிவிடும் இடத்தில்தான் இத்தனை நாள் சிடுசிடுத்த மனுஷிக்குள் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிகிறது.

இங்கே ஒரு விசேஷம். 2001-ல் பெனகல் 'ஜுபைதா' எடுத்தார். நம் ஏ.ஆர். ரஹ்மான் இசை, கரிஷ்மா கபூர் கதாநாயகி. அதில் ஜுபைதாவின் அம்மா பெயர் ஃபயாஸி. மம்மோவில் வந்த அதே ஃபயாஸிதான், அதே பேரன்தான். அங்கேயும் சுரேகா. ஒரே பெண்ணை ஏழு வருட இடைவெளியில் இரண்டு படத்தில் நடித்திருக்கிறார். பேரனை ஏன் பாட்டி வளர்த்தாள் என்பது பின்னால் வந்த படத்தைப் பார்த்தால்தான் புரியும்.

அடுத்த வருடம், 2002-ல், 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்'. அபர்ணா சென் இயக்கியது. கைக்குழந்தையோடு பஸ்ஸில் போகும் தமிழ்ப் பெண் மீனாட்சி ஐயராக கொங்கணா சென் சர்மா நடித்தது நம்மில் பலருக்குத் தெரியும். அதே பஸ்ஸில் ஒரு வயதான முஸ்லிம் தம்பதி வருவார்கள். மனைவி சுரேகா சிக்ரி. கணவர்? பீஷ்ம சாஹ்னி! கலவரக் கும்பல் பஸ்ஸை மறித்து ஏறி, கிழவரை இழுத்துக்கொண்டு போகும். அவர் பின்னாலேயே அந்த அம்மாளும் போவார். 1988-ல் எந்தக் கிழவருக்கு ராஜோ கதவைத் திறந்து விட்டாளோ, அதே மனிதரை 14 வருடம் கழித்து அவரால் காப்பாற்ற முடியவில்லை. பஸ்ஸில் இருந்த யாரும் காப்பாற்றவில்லை. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு இது உறைக்கும். 2003-ல் சாஹ்னி காலமாகிவிட்டார்.

சரி, இவ்வளவு பெரிய நடிகை, இரண்டு தேசிய விருது. பெட்டி பெட்டியாகப் பணம் வந்திருக்குமா? அதெல்லாம் இல்லை. இந்த மாதிரிப் படங்கள் வருடத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. சாப்பாட்டுக்கு டிவிதான். 1990-களில் 'பனேகி அப்னி பாத்', பிறகு 'ஸாத் ஃபேரே' என்று சீரியல்கள். பேங்க்காரன் புத்தி, டிவி தொழிலின் கணக்கைக் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தேன். பெரும்பாலான நடிகர்களுக்குச் சம்பளம் நாள் கணக்கில்தான். ஷிஃப்ட் என்றால் 12 மணி நேரம். வேலை பார்த்த பணம் கைக்கு வருவது 90 நாள் கழித்து, அதுதான் அங்கே வழக்கம். பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது, மெடிக்கல் லீவு கிடையாது. சம்பள ஸ்லிப் இல்லாத இவர்களுக்கு லோன் கொடுக்க என்னைப் போன்ற ஆபீஸர்கள் எவ்வளவு யோசிப்போம் என்பது எனக்கே தெரியும்.

2008 ஜூலை 21 அன்று கலர்ஸ் சேனல் தொடங்கியது. அன்றே தொடங்கியது 'பாலிகா வதூ'. பாலிகா வதூ என்றால் பாலிய மணப்பெண். ராஜஸ்தானில் எட்டு வயதில் கல்யாணம் செய்துவைக்கப்படும் ஆனந்தி என்ற சிறுமியின் கதை. 1929-ல் சாரதா சட்டம் வந்து, 2006-ல் புதுச் சட்டமும் வந்த பிறகும் அந்தப் பக்கம் பாலிய விவாகம் நின்றபாடில்லை. எங்கள் வீட்டுக்கார அம்மாளே 13 வயதில் கல்யாணமானவர்தான். சீரியல் ஓடும்போது சில இடங்களில் ஒன்றும் பேசாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். மற்ற இடங்களில் "இப்படித்தான், இதேதான்" என்று தலையாட்டுவார்.

அந்த வீட்டின் தலைவி கல்யாணி தேவி என்ற தாதி ஸா. ஆனந்தியின் படிப்பை நிறுத்தியவள். வீட்டு மருமகள்களை நடுங்க வைத்தவள். அந்த வருடமே சுரேகாவுக்குச் சின்னத்திரை விருது ஒன்று கிடைத்தது, வில்லி நடிப்புக்காக. ஆனால் அவர் செய்தது வெறும் வில்லித்தனமில்லை. தனக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்க வேண்டும் என்று நம்புகிற ஒரு கிழவியை அப்படியே கொண்டுவந்தார். கத்திவிட்டு, யாரும் பார்க்காதபோது முகம் தளர்வதையும் காட்டினார். இத்தகைய பாட்டிகள் நம் ஊரிலும் இல்லையா என்ன?

கதை ஓட ஓட தாதி ஸா மாறினாள். டாக்டருக்குப் படிக்கப் போன பேரன் பம்பாயில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டபோது, அவள் பேரன் பக்கம் நிற்கவில்லை, ஆனந்தி பக்கம் நின்றாள். பிறகு ஆனந்திக்கு மறுகல்யாணமும் செய்துவைத்தாள். இந்த மாற்றத்தை நம்பும்படி செய்ய ஒரு சினிமாவின் இரண்டரை மணி நேரம் போதாது. சீரியல் என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம், ஆனால் தினமும் 20 நிமிடம் என்று வருடக்கணக்கில் போனதால்தான் அந்தக் கிழவியின் மனசு கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதைப் பார்க்க முடிந்தது. 2016 ஜூலையில் முடிந்தபோது 2,200 எபிசோடு தாண்டியிருந்தது. ஆரம்பித்தபோது சுரேகாவுக்கு 63 வயது. நம் பேங்க்கில் 60-ல் மாலை போட்டு, சூட்கேஸ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் அதற்குப் பிறகுதான் நாடு முழுக்கத் தெரிந்த முகமானார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்கெல்லாம் ஹிந்தி ஒன்றுதான். அவருக்கு அப்படியில்லை. தமஸில் பஞ்சாபி வாடை, மம்மோவில் உருது, பாலிகா வதூவில் மார்வாடி, கடைசிப் படங்களில் மேற்கு உத்தரப் பிரதேசப் பேச்சு. ஒரே ஆள் திருநெல்வேலித் தமிழும் கோயம்புத்தூர்த் தமிழும் மெட்ராஸ் பாஷையும் பிசிறில்லாமல் பேசினால் எப்படி இருக்கும், அப்படி. பத்து வருட நாடக உழைப்பு போன இடம் இதுதான்.

மூன்றாவது விருது 'பதாயி ஹோ', 2018 அக்டோபர். அமித் சர்மா இயக்கம். கல்யாண வயதில் மகன் இருக்கும்போது ஐம்பதை எட்டும் அம்மா கர்ப்பமாகிறாள். அம்மா நீனா குப்தா, அப்பா கஜ்ராஜ் ராவ், மகன் ஆயுஷ்மான் குரானா. கூடவே இருக்கும் மாமியார் சுரேகா. விஷயம் தெரிந்ததும் முதலில் வீட்டையே இரண்டாக்குவது அவர்தான். தியேட்டரே சிரிக்கும். பிறகு மீரட்டில் ஒரு உறவுக்காரக் கல்யாணம். அங்கே கூடிய மற்ற பிள்ளைகளும் அவர்கள் குடும்பமும் இந்த மருமகளைக் குத்திப் பேசுவார்கள். அப்போது கிழவி எழுந்து நிற்பார். நான் படுக்கையில் கிடந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டது இவள்தான், அப்போது உங்களில் யார் எட்டிப் பார்த்தீர்கள் என்று எல்லோரையும் பிடித்து உலுக்குவார்.

அந்த இடத்தில் தியேட்டரில் கைதட்டல். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்வது மதினி. அண்ணனும் மதினியும் ஊரிலேயே இருக்கிறார்கள். நான் ஒன்றாம் தேதி பணம் அனுப்புவேன், தீபாவளிக்கோ கோடை விடுமுறைக்கோ போவேன், "அம்மாவுக்கு ஏன் இன்னும் கண்ணைக் காட்டவில்லை" என்று அதிகாரமாகக் கேட்டுவிட்டு ரயிலேறுவேன். இதைப் படிக்கிற வெளியூர்வாசிகள் பலரும் என் கட்சிதான் என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டி திட்டியது எங்களைத்தான்.

இப்போது மூன்று விருதையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ராஜோ, ஃபயாஸி, பதாயி ஹோவின் பாட்டி. விருது வாங்காத தாதி ஸாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேரும் நடுவயதைத் தாண்டிய வீட்டுப் பெண்கள். வீடோ ஊரோ ஒருவரைத் தள்ளிவிடத் தயாராக இருக்கும்போது அவர் பக்கம் நின்றவர்கள். எல்லாம் 'துணை' வேடங்கள். முப்பது வருடம் அவர் நடித்தது அந்தத் துணையைத்தான்.

ஆனால் அவருக்கு ஒரு நெருக்கடி வந்தபோது? 2018 கடைசியில் மகாபலேஷ்வரில் ஒரு ஷூட்டிங்கின்போது கீழே விழுந்தார், பக்கவாதம் தாக்கியது. 2019 டிசம்பரில் டெல்லியில் தேசிய விருது வாங்க சக்கர நாற்காலியில் வந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 2020 ஜனவரி 1 அன்று வந்த 'கோஸ்ட் ஸ்டோரீஸ்' படத்தில், ஜோயா அக்தர் எடுத்த பகுதியில், படுக்கையில் கிடக்கும் மூதாட்டியாக நடித்திருந்தார். மார்ச்சில் கொரோனா. ஷூட்டிங் எல்லாம் நின்றது. மே கடைசியில் மறுபடி அனுமதித்தபோது, 65 வயது தாண்டிய யாரும் படப்பிடிப்புத் தளத்துக்கு வரக்கூடாது என்று மகாராஷ்டிர அரசு விதி போட்டது. அவருக்கு அப்போது 75.

நோயிலிருந்து காப்பாற்றத்தான் அந்த விதி, நியாயம்தான். ஆனால் நாள் கூலிக்காரருக்கு வேலைக்கு வராதே என்றால், சாப்பிடாதே என்றுதானே அர்த்தம்? மருந்துச் செலவுக்கு எங்கே போவது? உதவி செய்யப் பலர் முன்வந்தார்கள். அவரோ, எனக்கு தர்மம் வேண்டாம், மரியாதையாக உழைத்துச் சம்பாதிக்க வேலை கொடுங்கள் என்ற பொருளில் பத்திரிகைகளிடம் வெளிப்படையாகவே பேசினார். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. மற்ற தொழிலில் இருக்கும் பெரியவர்களுக்கு இல்லாத தடை இவர்களுக்கு மட்டும் ஏன் என்பதுதான் கேள்வி. செப்டம்பரில் அவருக்கு மறுபடியும் பக்கவாதம் தாக்கியது. அடுத்த ஜூலையில் போய்விட்டார்.

'பதாயி ஹோ' 2022 ஜூனில் தமிழில் 'வீட்ல விசேஷம்' என்று வந்தது. ஆர்.ஜே. பாலாஜி, ஊர்வசி, சத்யராஜ். பாட்டியாக கே.பி.ஏ.சி. லலிதா. அவரும் மலையாளத்தில் இரண்டு முறை துணை நடிகைக்கான தேசிய விருது வாங்கியவர். அவரும் அந்த பிப்ரவரியில் காலமாகிவிட்டார், படம் வந்ததைப் பார்க்கவில்லை.

அந்த வருட லீவில் ஊருக்குப் போனபோது வீட்டில் எல்லோருமாக அந்தப் படத்தைப் பார்த்தோம். "இந்தியில் இந்தப் பாட்டி வேஷம் போட்டது நம்ம மண் வாசனைக் கெழவிதான் அத்தை" என்று என் மனைவி சொன்னாள். "அவ இருக்காளா?" என்று அம்மா கேட்டாள். போன வருடம் போய்விட்டாள் என்றோம். "ஐயோ பாவம்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

மாமியார் மருமகளுக்காகப் பேசும் இடம் வந்தது. மதினி அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தாள். "ஏட்டி, அடுப்ப அணைச்சிட்டு இங்க வா. வந்து எம்பக்கத்துல உக்காரு."

மதினி வந்து உட்கார்ந்தாள். மீதி தோசையை நான் போய்ச் சுட்டேன்.